தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வராத சுருளி

போன வருடம் ஜனவரி இரண்டாவது வாரம். கனடாவின் மிசிசாகாவில் அன்று மைனஸ் 18 டிகிரி. வேலைக்குக் கிளம்பும் முன் வழக்கம்போல எங்கள் பாம்பு சுருளியின் பெட்டியை எட்டிப் பார்த்தேன். தண்ணீர்க் கிண்ணத்துக்குள் உடம்பு முழுவதையும் திணித்துக்கொண்டு, மூக்கு மட்டும் விளிம்பில் தெரியும்படி கிடந்தான். சாயங்காலம் வந்து பார்த்தேன், அதே இடம். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் கிண்ணத்தைக் கழுவுவதற்காக அவனைத் தூக்கி வெளியே வைத்தேன். தண்ணீர் மாற்றி வைத்த பத்தாவது நிமிடம் திரும்பவும் உள்ளே போய்விட்டான்.

சுருளி எங்கள் வீட்டு பால் பைத்தான், மலைப்பாம்பில் ஒரு சின்ன வகை. ஆறு வயது ஆண், நான்கு அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். பள்ளியில் படிக்கும்போது மகள் வாங்கி வளர்த்தது. எங்களுக்குக் கம்பம் சொந்த ஊர், அந்தப் பக்கம் சுருளி என்ற பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடுகிறவனுக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்திவிட்டது. ஆங்கிலத்தில் 'பால்' என்பதும் பந்தைக் குறித்துத்தான். ஊரில் இருக்கும் என் அம்மா போனில் இதைக் கேட்டுவிட்டு, "பாலு தினமும் வைக்கிறியாப்பா?" என்று அக்கறையாக விசாரித்தார். பாம்பு பால் குடிக்காது, தாகத்தில் தவிக்கவிட்டால் வேறு வழியில்லாமல் குடிக்கும், குடித்தால் அதற்குச் செரிக்காது என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன்.

மகள் ஹாமில்டனில் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். விடுதியில் பாம்புக்கு அனுமதி கிடையாது. அப்படித்தான் அவன் என் பொறுப்புக்கு வந்தான்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மலைப்பாம்பு, நாகம், சாரை என்று நம் மண்ணின் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்களும் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பாம்பு பிடிக்கும் என்றால் கிண்டி பாம்புப் பண்ணைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நானும் பள்ளிச் சுற்றுலாவில் அங்கேதான் முதல் முதலாக மலைப்பாம்பைப் பக்கத்தில் பார்த்தேன்.

சரி, கிண்ணத்துக்கு வருகிறேன்.

பாம்பு நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணியை. கசகசா அளவில் கறுப்பாக இருக்கும். கண்ணைச் சுற்றியுள்ள மடிப்பிலும், தாடைக்குக் கீழே உள்ள பள்ளத்திலும், செதில்களுக்கு இடையிலும் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். அந்த அரிப்புத் தாங்காமல் பாம்பு தண்ணீருக்குள் இறங்கும். இதைச் சோதிக்கச் செலவே இல்லை. வெள்ளை கிச்சன் பேப்பரைக் கொஞ்சம் நனைத்து, கழுத்திலிருந்து வால்வரை மெதுவாகத் துடைத்துப் பார்க்க வேண்டும். உண்ணி இருந்தால் கறுப்புப் புள்ளிகள் தாளில் வரும், நசுக்கினால் சிவப்பாக இழுக்கும். கிண்ணத்தின் அடியிலும் செத்துக் கிடக்கும். நான் இரண்டு முறை துடைத்தேன். தாள் சுத்தமாக இருந்தது.

அடுத்து, சட்டை உரிக்கப் போகிறானோ என்று பார்த்தேன். அதற்கு முன் உடம்பு மங்கும், வயிறு லேசான ரோஸ் நிறத்துக்கு மாறும், கண் பால் கலந்தாற்போல நீலமாகும். சில நாளில் கண் மறுபடி தெளியும். தெளிந்து மூன்று முதல் ஐந்து நாளுக்குள் சட்டை கழன்றுவிடும். சுருளியின் கண் அன்று கறுத்துத் தெளிவாக இருந்தது.

பிறகு ஈரப்பதமானியைப் பார்த்தேன். 30 சதவீதம் காட்டியது. பால் பைத்தானுக்குக் குறைந்தது 55, 60 வேண்டும். சட்டை உரிக்கும் சமயத்தில் 70-க்கு மேல் இருந்தால் நல்லது. இங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இரவும் பகலும் ஓடி வீட்டுக் காற்றை அப்பளம்போலக் காயவைத்துவிடும். நம் உதடே வெடிக்கும்போது பாம்பு என்ன செய்யும்? காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு நிம்மதி. பெட்டியின் வலை மூடியில் முக்கால்வாசியை அலுமினியத் தாளால் மூடினேன். கீழே பரப்பியிருந்த தென்னை நார்த்தூளின் மூலைகளில் தண்ணீர் ஊற்றினேன். அடுத்த நாள் 62 சதவீதம் வந்தது. சுருளி கிண்ணத்தை விட்டு அசையவில்லை.

நான் செய்த தவறு இந்த இடத்தில்தான். 30 சதவீதம் என்பது உண்மையான குறை, அதைச் சரி செய்ததும் சரிதான். ஆனால் ஒரு குறை கையில் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். அதன் பிறகு இரண்டு நாள், "பழகிப்போச்சு, தானாக வெளியே வருவான்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

ஐந்தாம் நாள் இரவு மகள் வீடியோ அழைப்பில் வந்தாள். நான் போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "பாரும்மா, எவ்வளவு சோர்ந்து கிடக்கிறான்" என்றேன்.

"அப்பா, அவனை அப்புறம் பாக்கலாம். முதல்ல பெட்டியைக் காட்டுங்க. சூடு எவ்வளவு இருக்கு?"

பெட்டியின் சுவரில் ஒட்டியிருந்த வட்ட முள் தெர்மாமீட்டரைப் பார்த்து 27 என்றேன்.

"அது காத்தோட சூடு. தெர்மோஸ்டாட் என்ன காட்டுது?"

பெட்டிக்கு அடியில் இருக்கும் ஹீட் மேட் என்ற சூட்டு விரிப்பை, நாம் வைத்த சூடு வரும்வரை எரியவிட்டுப் பிறகு அணைக்கும் கருவி அது. மேட் எரியும்போது அதில் சிவப்பு விளக்கு எரியும்.

"26. 32-ல வச்சிருக்கு."

"சிவப்பு லைட் எரியுதா?"

"எரியுது."

"எத்தனை நாளா அணையாம எரியுது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த விளக்கை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியே இப்படிக் குளிர்கிறதே, பாவம், ஹீட் மேட்டால் 32-ஐ எட்ட முடியவில்லை என்றுதான் நினைத்தேன். குளிர்காலம் என்ற எண்ணமே என் கண்ணை மறைத்துவிட்டது.

"சென்சார் முனை எங்க இருக்குன்னு பாருங்கப்பா."

தேடினேன். சூடான பக்கத்தில், கண்ணாடித் தரையில் டேப் போட்டு ஒட்டியிருக்க வேண்டிய முனை அங்கே இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், எதிர்ப்பக்கம் தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில், குளிர்ந்த நார்த்தூளுக்குள் கிடந்தது. டேப் பிசின் விட்டுப்போய், சுருளி நார்த்தூளைத் தோண்டும்போது வயரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். பெட்டி 26 டிகிரியில்தான் இருக்கிறது, இன்னும் சூடு வேண்டும் என்று தெர்மோஸ்டாட் நம்பிக்கொண்டே இருந்திருக்கிறது. மேட் ஒரு நிமிடம்கூட நிற்காமல் எரிந்திருக்கிறது.

சூடான பக்கத்தில் அவன் ஒளிந்துகொள்ள வைத்திருந்த குகையைத் தூக்கினேன். அவன் நார்த்தூளை ஒதுக்கித் தள்ளியதில் கண்ணாடி வெறுமையாகத் தெரிந்தது. உள்ளங்கையை வைத்தேன், வைத்திருக்க முடியவில்லை. மகளின் அலமாரியிலிருந்து அகச்சிவப்பு தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டினேன். நார்த்தூளின் மேல் 33 டிகிரி, கண்ணாடியில் 46. நார்த்தூள் நல்ல வெப்பத்தடுப்பு. மேலே இதமாக இருக்கும்போதே அடியில் கொதிக்கலாம் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

உடனே பிளக்கைப் பிடுங்கினேன். சுருளியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வயிற்றில், நடு உடம்புக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு விரல் அகலத்துக்குச் செதில்கள் சிவந்திருந்தன. கொப்புளம் இல்லை. இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பாம்பு பார்ப்பதில்லை. நல்ல நேரத்திலேயே பக்கத்தில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் தேட முடியாது. மேலோட்டமான சூட்டுக் காயம்தான் என்றார் அவர். சில்வர் சல்ஃபடயசின் களிம்பு கொடுத்தார். நார்த்தூளை முழுவதும் எடுத்துவிட்டுக் கிச்சன் பேப்பர் மட்டும் விரிக்கச் சொன்னார். இறங்கிப் படுக்க முடியாத சின்னக் கிண்ணமாக வைக்கச் சொன்னார், ஏனென்றால் காயம் ஊறினால் சீழ் பிடிக்கும். இரண்டு சட்டை உரித்த பிறகு அந்த இடத்தில் அடையாளம்கூட இல்லை.

என் மனதை விட்டுப் போகாத கேள்வி ஒன்று இருந்தது. அவ்வளவு சூட்டில் அவன் ஏன் முன்பே விலகவில்லை? மருத்துவரிடம் கேட்டதும், நானே யோசித்ததும் சேர்ந்து கிடைத்த விளக்கம் இது. பால் பைத்தானின் சொந்த நாடு கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகள். அங்கே அது பகலைக் கழிப்பது எலி வளையிலும் கறையான் புற்றிலும். ஆமாம், நம் ஊரில் பாம்புக்கும் புற்றுக்கும் சொல்கிறோமே, அதே உறவு. அந்த உலகத்தில் சூடு மேலே சூரியனிடமிருந்து வருகிறது, ஆழமாகப் போகப் போகக் குளிர்ச்சி. சூடு தாங்காத பாம்பு கீழே தோண்டும். அடியில் ஹீட் மேட் வைத்த பெட்டியில் கீழே தோண்டினால் நெருப்புக்குத்தான் கிட்டே போகிறது. குளிர்ச்சிக்காகத் தோண்டித்தான் அவன் கண்ணாடியை வெறுமையாக்கியிருக்க வேண்டும். அதற்கும் பிறகு அவனுக்கு மிச்சமிருந்த மிகக் குளிர்ந்த இடம் தண்ணீர்க் கிண்ணம். ஐந்து நாளாக அவன் அந்தப் பெட்டியின் நிலவரத்தைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அதை அவன் சுபாவம் என்று படித்தேன்.

இப்போது சூடு மேலிருந்து வருகிறது. வெளிச்சம் இல்லாத பீங்கான் ஹீட்டர், பாம்பு தொட முடியாதபடி கம்பிக் கூண்டுக்குள், தெர்மோஸ்டாட்டோடு. சென்சார் முனை டேப்பில் ஒட்டப்படவில்லை, துளை போட்டுக் கட்டப்பட்டிருக்கிறது. முள் தெர்மாமீட்டரைக் கழற்றிவிட்டேன். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று இரண்டு டிஜிட்டல் மானிகள். சூடான பக்கம் 31 முதல் 33, குளிர்ந்த பக்கம் 25, 26. இது எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, வாரத்தில் ஒரு நாள் அகச்சிவப்பு தெர்மாமீட்டரைக் கையில் எடுத்துத் தரை, குகைக்குள், மூலை என்று எல்லா இடத்தையும் அளப்பதை. கருவி காட்டும் எண் கருவியின் முனை இருக்கும் இடத்து எண் மட்டும்தான். மேட் வைத்திருப்பவர்கள் நார்த்தூளை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியை அளந்து பாருங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டை நேராகப் பிளக்கில் மாட்டியிருந்தால் தயவு செய்து இன்றைக்கே கழற்றுங்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அவன் வேறு சிலவற்றையும் செய்தான். ஆனால் இந்த முறை நான் பெட்டியிலிருந்து ஆரம்பித்தேன்.

பிப்ரவரியில் அவனுக்குப் பெரிய இடம் கொடுக்க ஆசைப்பட்டு நான்கு அடி நீளப் பெட்டி வாங்கி மாற்றினேன். முதல் மூன்று இரவும் கண்ணாடியோரமாக இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே நடை. மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்து, நுனிச் செதில் உரிந்துவிட்டது. குளிர்காலத்தில் ஆண் பாம்புகள் துணை தேடி அலைவது உண்டு. அதனால் அப்படியும் இருக்கலாம் என்று தோன்றியது. சூடு அளந்தேன், சரி. ஈரப்பதம் சரி. பிறகு தரையில் உட்கார்ந்து, அவன் தலை இருக்கும் உயரத்திலிருந்து பெட்டியைப் பார்த்தேன். நான்கு பக்கமும் வெட்டவெளி! புற்றுக்குள் வாழ்கிற உயிரைக் கம்பம் பள்ளத்தாக்கு நடுவில் நிறுத்தினாற்போல இருந்தது. மூன்று பக்கக் கண்ணாடிக்கும் வெளிப்புறம் கறுப்புத் தாள் ஒட்டினேன். சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் ஒரே மாதிரி இரண்டு குகை வைத்தேன். ஒரே ஒரு குகை இருந்தால், ஒளிந்துகொள்வதா, தேவையான சூட்டுக்குப் போவதா என்று பாம்பு ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். குகை பெரிதாக இருப்பதிலும் பயனில்லை, சுருண்டு படுத்தால் முதுகில் இடிக்க வேண்டும், அப்போதுதான் அதற்குத் தைரியம். இடைவெளிகளை பிளாஸ்டிக் கொடியும் இலையும் வைத்து அடைத்தேன். நான்காம் இரவு நடை குறைந்தது, ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. மூக்கு அடுத்த சட்டையோடு ஆறியது.

அந்தச் சட்டைதான் அடுத்த பயத்தைக் கொண்டுவந்தது. வழக்கமாக ஒரே உறையாக, கண் மூடியோடு சேர்த்துக் கழற்றிப் போடுகிறவன், இந்த முறை துண்டு துண்டாக உரித்தான். ஃபர்னஸ் காற்றின் வேலை. இடது கண்ணில் பழைய படலம் அப்படியே நின்றது. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணின் மேல் தெளிவான ஒரு செதில் இருக்கிறது, சட்டையோடு அதுவும் கழல வேண்டும். இதை விரலாலோ இடுக்கியாலோ பிய்க்கக் கூடாது. அடியில் இருக்கும் புதுச் செதிலும் சேர்ந்து வந்தால் கண் போய்விடும். ஈரத் துண்டு விரித்து, காற்றுத் துளை போட்ட டப்பாவுக்குள் அவனை ஒரு மணி நேரம் விட்டேன். துண்டுக்குள் ஊர்ந்து ஊர்ந்து அவனே கழற்றிவிட்டான்.

ஆனால் அன்று இரவு பெட்டியிலிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கேட்டது. எனக்குக் கை நடுங்கியது, ஏனென்றால் பாம்புக்கு நுரையீரல் தொற்று வந்தால் அது எளிதில் விடாது. பைத்தான்களைத் தாக்கும் நிடோவைரஸ் என்ற ஒன்றை 2014-இல் கண்டறிந்திருக்கிறார்கள் என்றும் படித்திருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். வாய் மூடித்தான் இருந்தது, ஓரத்தில் நுரையோ கோழையோ இல்லை, தலை சாதாரணமாகத் தரையில் படிந்திருந்தது. மூக்குத் துளையில் சட்டையின் சின்னக் கிழிசல் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாளும் ஈர டப்பாவில் விட்டதும் அது விழுந்தது, விசிலும் நின்றது. இதற்கு நேர்மாறாக, வாயைத் திறந்துகொண்டே மூச்சு விடுவது, குமிழி வருவது, தலையை மேலே தூக்கி நெடுநேரம் வெறித்திருப்பது, மல்லாக்காகத் திருப்பினால் புரண்டு நேராக முடியாமல் தவிப்பது, இதில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். அப்போது பெட்டியை ஆராய்ந்துகொண்டு நாளைக் கடத்தக் கூடாது. சாப்பிட்ட பிறகு ஒன்றிரண்டு முறை வாயை அகலத் திறப்பது வேறு, அது தாடையைச் சரி செய்துகொள்ளும் கொட்டாவி.

சாப்பாடு. டிசம்பர் முதல் அவன் எலியைத் தொடவில்லை. காயம் வேறு இருந்ததால் நான் ரொம்பக் கவலைப்பட்டேன். ஆனால் வளர்ந்த ஆண் பால் பைத்தான் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். சாதாரணமா இல்லையா என்பதைச் சொல்ல நம் கண்ணால் முடியாது, தராசால்தான் முடியும். சமையலறைத் தராசு ஒன்றை அவனுக்கென்றே ஒதுக்கி, ஞாயிறுதோறும் எடை பார்த்தேன். டிசம்பரில் 1,420 கிராம், மார்ச் கடைசியில் 1,335. நூற்றில் ஆறு பங்கு. பத்து பங்கைத் தாண்டினால் கொண்டுவாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தினமும் எலியைக் காட்டித் தொந்தரவு செய்யாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். மறுத்தால் எடுத்துவிடுவேன்.

எல்லாவற்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினேன். தேதி, இரு பக்கத்துச் சூடு, ஈரப்பதம், எங்கே படுத்திருந்தான், தெர்மோஸ்டாட் விளக்கு எரிந்ததா அணைந்ததா. இரண்டு நிமிட வேலை. ஜனவரியில் இந்த நோட்டு என்னிடம் இருந்திருந்தால், "விளக்கு எரிகிறது" என்று அடுத்தடுத்து இரண்டு நாள் எழுதும்போதே எனக்கு உறைத்திருக்கும்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய் இரவு, பத்தரை மணி இருக்கும். உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்கி, துடைத்து, நீளமான இடுக்கியில் பிடித்துக் குகை வாசலில் காட்டினேன். நாக்கு இரண்டு முறை வெளியே வந்து போனது. கழுத்து மெதுவாக எஸ் போல மடிந்தது. பிறகு ஒரே எட்டு. நான் சத்தம் போடாமல் அறைக்கு வெளியே வந்து, மகளுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் தூங்கியிருக்கவில்லை.

"சூப்பர்ப்பா! எடை எவ்வளவு வந்திருக்கு?"

"48 மணி நேரம் தூக்கக் கூடாதும்மா. வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்று எழுதினேன்.